பதினேழும் வட்டம்

"பதினேழு பேர். பதினேழு பேருக்கும் வட்டம். இது எப்படி சிஸ்டர்?"

டாக்டரம்மா பட்டியலைத் திருப்பி வைத்தார். எதிரே நின்ற நர்ஸ் அதைப் பார்க்காமல் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். ஆய்வுக்கு வரும் கர்ப்பிணிகளுக்கு இரண்டு வருடமாக உறை எடுத்துக் கொடுப்பவர் அவர்தான்.

ஆய்வு என்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை. குறைமாதப் பிரசவத்தைத் தடுக்க ஒரு புது மாத்திரை. பாதிப் பேருக்கு அது. மீதிப் பேருக்கு அதே நிறத்தில், அதே அளவில் வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்பதை ஒட்டிய உறைக்குள் இருக்கும் அட்டை சொல்லும். அட்டையில் வட்டம் இருந்தால் வட்டம் போட்ட பெட்டி, சதுரம் இருந்தால் சதுரம் போட்ட பெட்டி. எந்தப் பெட்டியில் மருந்து, எதில் மாவு என்பது டாக்டரம்மாவுக்கே தெரியாது. மருந்துக்கிடங்கு அதிகாரி ஒருவருக்குத்தான் தெரியும்.

"இந்தப் பதினேழு பேரும் ஏற்கெனவே குழந்தையைப் பறிகொடுத்தவங்க. இவங்கள்ல ஒருத்திக்குக்கூடவா சதுரம் வராது? ஆய்வோட கணக்குப் பார்க்கிறவர் போன் போட்டு, 'உங்க ஆஸ்பத்திரியில அதிர்ஷ்டம் ஆள் பார்த்துத்தான் வருமா'ன்னு கேக்கறாரு."

நர்ஸ் மேலே எரிந்த விளக்கைக் கை காட்டினார்.

"ட்யூப் லைட்டுக்கு நேரா பிடிச்சா அட்டை தெரியும் டாக்டர். சதுரமா இருந்தா அதைத் தள்ளி வெச்சுட்டு அடுத்ததை எடுப்பேன். தள்ளி வெச்சதை முதல் பிரசவத்துக்கு வர்றவங்களுக்குக் கொடுத்துடுவேன்."

"வட்டம்தான் மருந்துன்னு உங்களுக்கு யார் சொன்னது?"

"என் நாக்குதான் சொல்லுச்சு. ரெண்டு பெட்டியிலயும் ஒண்ணொண்ணு எடுத்து வாயில போட்டுப் பார்த்தேன். சதுரம் சப்புன்னு இருந்துச்சு. வட்டம் கசந்து தொலைச்சுது, ரெண்டு டம்ளர் தண்ணி குடிச்சும் போகலை. மருந்துன்னா கசக்கத்தானே செய்யும்?"

"கடவுளே!" டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். "அந்த மருந்து வேலை செய்யுமான்னே இன்னும் தெரியாது சிஸ்டர். அதைத் தெரிஞ்சுக்கத்தானே இத்தனை பாடு!"

"இருக்கலாம். ஆனா ரெண்டு தடவை வெறுங்கையோட வீட்டுக்குப் போனவ முகத்தைப் பார்த்துக்கிட்டே மாவை எடுத்துக் கொடுக்க எனக்குக் கை வரலை. நீங்க என்ன வேணா எழுதிக்கோங்க."

எழுதத்தான் போகிறார். ஆய்வுக் குழுவுக்குக் கடிதம். உறைகள் பார்க்கப்பட்டுவிட்டன, ஆய்வை நிறுத்த வேண்டும், சம்பந்தப்பட்ட எல்லோருக்கும் எந்த மாத்திரை போனது என்று சொல்லிவிட வேண்டும். டாக்டரம்மா தயங்கவில்லை. இருபது வருடமாக விதி என்றால் விதி என்று இருப்பவர். பதினேழு பேரின் ஆய்வு எண்களையும் வரிசையாக எழுதிக்கொண்டே வந்தார்.

நாற்பத்தொன்று என்று எழுதியதும் பேனா நின்றது.

அந்த எண்ணுக்குரியவள் அவருடைய மகள். இரண்டு முறை ஆறாம் மாதத்திலேயே வலி வந்து குழந்தை தங்காமல் போனது. இந்த முறை ஆய்வில் சேர வந்தவளிடம், "எல்லாரையும் போல வரிசையில நில்லு. என் பொண்ணுன்னு யார்கிட்டயும் மூச்சு விடாதே" என்று சொன்னதும் அவர்தான். அன்றிலிருந்து தினமும், அவளுக்கு மருந்து கிடைத்திருக்க வேண்டுமே என்று மனம் அடித்துக்கொள்கிறது. அவளுக்கு இப்போது ஐந்தரை மாதம்.

"இந்த நாற்பத்தொண்ணு..." என்று மெதுவாக ஆரம்பித்தார்.

"உங்க பொண்ணுதானே?" நர்ஸ் முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பு வந்தது. "முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்க முடியுமா டாக்டர்? அதே மூக்கு, அதே அதட்டல். சேர் துடைக்கலைன்னு என்னையே திட்டுச்சு. அந்தப் பொண்ணுக்காக வரிசையா மூணு உறையைத் தள்ளி வெச்சேன். கவலைப்படாதீங்க, வட்டம்தான்."

டாக்டரம்மாவுக்குக் கோபம் வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது, கண்ணில் நீர் முட்டும் அளவுக்கு. வெட்கம் அதற்குப் பிறகுதான், கொஞ்சம் தாமதமாக வந்தது.

கடிதத்தை நான்காகக் கிழித்துக் கூடையில் போட்டார்.

"இனிமே அந்த லைட்டுப் பக்கமே போகக் கூடாது. கணக்குப் பார்க்கிறவர்கிட்ட நான் ஏதாவது சொல்லிக்கறேன். இது நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும்."

"சரிங்க டாக்டர்."

கதவைத் தட்டிவிட்டு மருந்துக்கிடங்கு அதிகாரி உள்ளே வந்தார். கையில் இருப்புப் புத்தகம்.

"தொந்தரவுக்கு மன்னிக்கணும். வட்டத்துல ஒண்ணு, சதுரத்துல ஒண்ணு குறையுது. யாராவது ருசி கிசி பார்த்தீங்களா?"

நர்ஸ் மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தார். அதிகாரிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"நினைச்சேன்! எல்லா ஆஸ்பத்திரியிலயும் நாக்கு நீண்டவங்க ஒருத்தர் இருக்கத்தான் செய்யறாங்க. எந்தப் பெட்டியில எதுன்னு கழுத்துல கத்தி வெச்சாலும் சொல்ல மாட்டேன், அது விதி. ஆனா ருசி பார்த்தா ஏமாந்துதான் போவீங்க. அசல் மருந்துல நாங்க எதையும் கலக்கக் கூடாது, அது சப்புன்னுதான் இருக்கும். சாப்பிடறவங்க மருந்துன்னு நம்பணுமேன்னு மாவுலதான் கசப்பைச் சேர்த்திருக்கோம்."

டாக்டரம்மா குனிந்து, கூடையிலிருந்த காகிதத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தார்.