ஜாக்கியார் போட்ட பந்தயம்

லாரிகளைத் தூக்கியே பேர் வாங்கிய ஜாக்கியாரை ஒரு வீட்டுப் பட்டறைக்காரர் வாங்கிவந்து, இரும்பை அழுத்தும் பிரஸ் மிஷினாக்கினார். பற்றவைத்த சட்டத்துக்குள் ஸ்பிரிங்கில் தொங்கும் பலகைமேல் அவரை நிறுத்தினார். பலகைக்கு அடியில் ஒரு குண்டுப் பித்தளைக் குழாய். தலைக்கு மேலே தடித்த இரும்பு உத்தரம்.

“ஏய் உத்தரம், லாரியே எனக்கு எழுந்து நிக்கும். மரியாதையா எழுந்திரு!”

“தூக்கித்தான் பாருமேன். முடியலைன்னா இனிமே லாரிதூக்கின்னு மார்தட்டக் கூடாது.”

மானப் பிரச்சினை! பட்டறைக்காரர் கைப்பிடியை அடிக்க அடிக்க, ஜாக்கியார் எண்ணெய் வியர்க்க முக்கினார். உத்தரம் கொட்டாவி விட்டது.

“ஐயோ அண்ணே!” என்று அடியிலிருந்து ஒரு குரல்.

“கேட்டியா? ரசிகர்கள்!” என்று இன்னும் எக்கினார் ஜாக்கியார்.

“அண்ணே, நசுங்குறேண்ணே!”

“சும்மா இருடா, மேலே வேலையா இருக்கேன்.”

கடைசியில் பட்டறைக்காரர் ஜாக்கியாரின் இடுப்புத் திருகாணியைத் தளர்த்த, அவர் சுருங்கினார்; ஸ்பிரிங் பலகையை மேலே இழுத்துக்கொண்டது. உத்தரம் இருந்த இடத்திலேயே இருந்தது.

“தோத்தீரா?” என்றது.

தலைகுனிந்த ஜாக்கியார் அப்போதுதான் கீழே பார்த்தார். குழாய் அப்பளமாகக் கிடந்தது.

“அடப்பாவி, இவ்வளவு நோஞ்சானா நீ?” என்று எகிறினார். “உன்னை நம்பிக் காலை ஊன்றினா, நான் எப்படிடா ஜெயிக்கிறது?”