முப்பது பனியன்

ஜெபம் முடிந்து ‘ஆமென்’ சொன்ன கையோடு ரோஸ்மேரி வீட்டில் கூடியிருந்த பெண்கள் ஊசியை எடுத்தார்கள்.

தண்ணி மோட்டார் போட வந்த லைன் வீடுகளின் சொந்தக்காரர் வெள்ளியங்கிரி வாசலிலேயே நின்றுவிட்டார். தைத்து முடித்த பனியன்களில், தோளில் ஒன்று, இடுப்பில் ஒன்று என்று நூலைக் கோத்துத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார்கள். திருப்பூரே பனியனில் தொங்கும் நூல் பிசிரை வெட்டிப் பிழைக்கிறது. இங்கே பிசிர் வைக்கிறார்கள்!

“என்னம்மிணி அக்கிரமம் இது? எந்தக் கம்பெனி சரக்கைக் கெடுக்கறீங்க?”

“கம்பெனி சரக்கு இல்ல அண்ணாச்சி. காதர்பேட்டையில வாங்குன ரிஜெக்ட் பீஸு, மொத்தமே முப்பதுதான்” என்றாள் ரோஸ்மேரி. “கடைசி வீட்டு மருதாக்காவுக்கு.”

மருதாள் பிசிர் வெட்டுவதில் முப்பது வருஷக் கை. கால் முறிந்ததிலிருந்து கம்பெனி வேனில் ஏற முடியவில்லை. வீட்டுக்குக் கொடுத்தனுப்பவும் எங்கேயும் ஆர்டர் இல்லை. சோறு கொண்டுபோனால், “வேலை செய்யாம அடுத்தவங்க ஊட்டுல கை நனைக்க மாட்டனுங்க” என்று திருப்பி அனுப்பிவிடுவாள்.

“இப்ப அவ வேலை செஞ்சிட்டு சாப்பிடுதா. கம்பெனி ஆர்டர்னு சொல்லிக் குடுப்போம், அவ வெட்டித் தருவா, நாங்க திரும்ப நூல் வைப்போம். மூணு மாசமா ஓடுது” என்றாள் ரோஸ்மேரி. “பாவம், பழைய கை இல்ல. ஒட்ட வெட்டாம அரை இன்ச் விட்டுருதா. அதுலயே முடிச்சுப் போட எங்களுக்கும் லேசாத்தான் இருக்கு.”

“சாமி கும்புட்ட கையோட பொய்யா? நானே போயி நெசத்தச் சொல்லிப்போடறேன்.”

“வேண்டாம் அண்ணாச்சி! தெரிஞ்சா நாளையிலேர்ந்து பட்டினிதான் கிடப்பா!”

வெள்ளியங்கிரி கேட்கவில்லை. உண்மை பேசுவதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை. விறுவிறுவென்று கடைசி வீட்டுக்குப் போனார்.

மருதாள் காலை நீட்டி உட்கார்ந்து கத்தரியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“மருதா, நீ வெட்ற பனியனெல்லாம்…”

“அதே முப்பதுதானுங்க.”

வெள்ளியங்கிரி அவள் பக்கத்தில் குந்தினார்.

மருதாள் வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “ரெண்டாம் நாளே கண்டுட்டனுங்க. ஒரு நீலப் பனியன்ல கழுத்துக்கிட்ட எண்ணெய்க் கறை, மொத நாள் பாத்த அதே கறைங்க. என்ற வீம்புக்கு, கம்பெனியில பாடுபட்டு வந்த புள்ளைங்க ஊசியில விரலக் குத்திக்குதுங்க. தெரியும்னு சொன்னா அதுங்க மொகம் சுண்டிப் போயிருமுங்க. நீங்களும் சொல்லிப்போடாதீங்க.”

வெள்ளியங்கிரி பேச்சை மாற்றினார். “ஏம்மா, கை நடுங்குதா? அரை இன்ச் விட்டுப்போடறியாமா?”

“நடுக்கமெல்லாம் இல்லீங்க” என்று சிரித்தாள் மருதாள். “அந்தப் புள்ளைங்க முடிச்சுப் போட வசதியா இருக்கட்டும்னு நாந்தானுங்க விட்டு வெட்றேன்.”