பதினாலாயிரத்து எழுநூற்று இருபது கோர்

ஊரார் நம்பிக்கைக்கு அன்றைய சந்தை விலை, ஓர் எண்.

அடுத்து வரப்போகும் கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் கார்டு வரிசையில் உச்ச மாடலுக்குக் கணக்குப் போடும் கோர் எத்தனை என்று யார் சொன்னாலும் லட்சம் பேர் வாயைப் பிளந்து கேட்பார்கள். இந்த முறை சொன்னவனுக்கு இணையத்தில் ‘கசிவு’ என்று பெயர். வீட்டில் ‘என்னங்க’.

பதினாலாயிரத்து எழுநூற்று இருபது என்று போட்டிருந்தான். ஆதாரம், உள்ளே இருக்கும் ஒருவர். அந்த ஒருவர் அவன் மண்டைக்குள்ளே இருந்தார்.

கோர்களை நூற்றிருபத்தெட்டு நூற்றிருபத்தெட்டாகத்தான் அடுக்குவார்கள், இந்த எண் அதால் மீதியில்லாமல் வகுபடுகிறது, ஆகவே நிஜம் என்று விவரம் தெரிந்தவர்கள் அடித்துச் சொன்னார்கள். அது வகுபடும் என்பதே அவனுக்குப் புதுச் செய்தி.

அந்தக் கார்டைச் செய்யும் கம்பெனியில்தான் மனைவிக்கு வேலை. வீட்டில் அவள் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை. அவனும் கேட்டதில்லை. உண்மை தெரிந்துவிட்டால் புருடா விட வராது.

இன்று மத்தியானமே வந்துவிட்டாள். கழுத்தில் அடையாள அட்டை இல்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் சோபாவில் உட்கார்ந்தாள்.

செய்தி வெளியே போகிற ஓட்டையைக் கண்டுபிடிக்க மேலதிகாரி பொறி வைத்திருந்தாராம். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பொய் எண். எது வெளியே வருகிறதோ அந்தக் குழுதான் கள்ளன். எண்களைப் போட்டுத் தரும் பொறுப்பு இவளுக்கு, நம்பகமான ஆள் என்று. வெளியே வந்தது இவள் குழுவின் எண். ‘கசிவு’ யார் வீட்டுக்காரர் என்று தெரிய அவர்களுக்கு அதிக நேரம் ஆகவில்லை.

“நான் சும்மா அடிச்சு விட்டதும்மா. அவசரத்துக்கு வாயில வந்துச்சு” என்றான்.

அதைத்தான் அவளும் சொன்னாளாம். அப்படியென்றால் புருஷனும் பெண்டாட்டியும் தனித்தனியே உட்கார்ந்து ஒரே பொய்யை எப்படிச் சொன்னீர்கள் என்று மேலதிகாரி கேட்டாராம். அவனுக்கும் அது நியாயமான கேள்வியாகவே பட்டது.

அவசரத்துக்கு அவளுக்கும் அதுதான் வந்தது. பதினாலு, ஏழு, இருபது. அவர்கள் கல்யாணத் தேதி.

அவன் விரல் விட்டுப் பார்த்தான். சரியாகத்தான் இருந்தது.

இதைக் கேட்டதும் மேலதிகாரியின் முகம் தெளிந்ததாம். அன்பான குடும்பம், நடக்கக்கூடியதுதான் என்று தலையாட்டினாராம். விசாரணைக் கோப்பை மூடும் முன், சம்பிரதாயத்துக்கு ஒரே ஒரு கேள்வி.

“கல்யாண நாளை உங்க வீட்டுக்காரர் ஒரு வருஷமாவது ஞாபகம் வெச்சிருக்காரான்னு கேட்டாருங்க. எனக்குத்தான் பொய் சொல்ல வராதே.”

மறந்தது ஐந்து வருஷம். தன்னை அறியாமல் ஞாபகம் வந்தது ஒன்று.

இரண்டுக்கும் சேர்த்துக் கம்பெனி கழித்துக்கொண்டது, அவள் வேலையை.