திங்கட்கிழமை இழுப்பு

"பெத்த பிள்ளையைத் தொடக்கூட மாட்டேங்கிறார், டாக்டர். இப்படியும் ஒரு அப்பனா?"

நர்ஸ் குரலைத் தாழ்த்தவே இல்லை. வாசற்படியில் நின்றிருந்தவர் காதில் நன்றாகவே விழுந்திருக்கும். ஆனாலும் உள்ளே வரவில்லை.

அவருடைய நாலு வயது மகள் அம்மா மடியில் உட்கார்ந்து, மூக்கையும் வாயையும் மூடிய மாஸ்க் வழியாக மருந்தை இழுத்துக்கொண்டிருந்தாள். நெஞ்சு ஏறி ஏறி இறங்கியது.

டாக்டரம்மாவுக்கு அப்பாவைவிட குழந்தையின் சிகிச்சை அட்டையில் இருந்த தேதிகள்தான் உறுத்தின. ஏழு வாரத்தில் ஏழு தடவை வந்திருக்கிறார்கள். ஏழும் திங்கட்கிழமை. இழுப்புக்குக் கிழமை பார்க்கத் தெரியுமா என்ன?

"ஏம்மா, ஞாயித்துக்கிழமை ஐஸ் கீஸ் வாங்கித் தர்றீங்களா?"

"ஐயோ, இல்லீங்க. வெள்ளிக்கிழமை வரைக்கும் வாலில்லாத குரங்குதான் இவ. சனிக்கிழமை சாயந்திரம் இழுக்க ஆரம்பிக்கும். ஞாயிறு பூரா வெந்நீர், ஆவின்னு ஓட்டுவேன். திங்கக்கிழமை என் கூலியை விட்டுட்டு இங்க ஓடி வருவேன்."

"சனிக்கிழமை அப்படி என்ன நடக்குது?"

அம்மா வாசலைப் பார்த்தாள். டாக்டரம்மாவுக்கு ஆர்வம் தாங்கவில்லை. எழுந்து வாசலுக்கே போய்விட்டார்.

"நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?"

"கழிவுக் கிடங்குலங்க. வாரம் பூரா வர்ற பிளாஸ்டிக்கை சனிக்கிழமை எரிப்போம். வீடு அதை ஒட்டித்தான். ஜன்னலை அடைச்சுப் பார்த்தோம், ஈரத்துணி கட்டிப் பார்த்தோம். ஒண்ணும் கேக்கல."

"சரி, குழந்தைகிட்ட ஏன் வரமாட்டேங்கறீங்க?"

"ரெண்டு தடவை குளிச்சிட்டுத் தூக்கினாலும் இவளுக்கு இருமல் வருது. என் தலைமுடியிலேயே புகை ஏறிக் கிடக்கு போல. அதான் தள்ளியே நிக்கிறேன்."

நர்ஸ் அவசரமாக எதையோ தேடுவதுபோல் அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அந்த வேலையை விட்டுடக் கூடாதா?"

"நான் விட்டா இன்னொருத்தன் எரிப்பான். புகை நிக்காதும்மா. இவ மருந்துக்குக் காசுதான் நின்னுபோகும்."

டாக்டரம்மாவுக்கு நிஜமாகவே கோபம் வந்தது.

"தப்பு உங்க மேல இல்ல. உங்ககிட்ட அனுப்புறாங்களே, அவங்களைச் சொல்லணும்! இதையெல்லாம் எரிக்கவே கூடாது. முறையா அழிக்க ஆலை இருக்கு, கொஞ்சம் செலவாகும். அந்தச் செலவை மிச்சம் பிடிக்கிறாங்க. மிச்சம் அவங்களுக்கு, இழுப்பு இந்தக் குழந்தைக்கு. நல்லா இருக்கு நியாயம்! யாருன்னு சொல்லுங்க, நானே புகார் எழுதறேன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"பயப்படாதீங்க. எவ்வளவு பெரிய இடமா இருந்தாலும் நான் விடமாட்டேன்."

அவர் சங்கடமாகச் சிரித்தார். அவ்வளவுதான்.

இதற்குள் மருந்து முடிந்துவிட்டது. டாக்டரம்மா வந்து குழந்தையின் மாஸ்க்கைக் கழற்றினார். கன்னத்தைத் தட்டினார். மாஸ்க்கைக் குழாயோடு சேர்த்துச் சுருட்டி, மேஜைக்கு அடியில் ஆஸ்பத்திரிக் கழிவு போட வைத்திருந்த சிவப்புப் பையில் போடக் குனிந்தார்.

"அதை என்கிட்டயே குடுத்துடுங்க டாக்டரம்மா" என்றார் அவர், வாசலில் நின்றபடியே. "எப்படியும் சனிக்கிழமை நான்தானே எரிக்கணும்."