நடந்து வந்தவள்

“ரெண்டு வருஷமா எங்க போயிட்டீங்க ஜெயசுதா? போன் பண்ணாலும் எடுக்க மாட்டேன்றீங்க.”

எதிரே வந்து உட்கார்ந்தவளை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேட்டாள் ரஞ்சனி. குறைமாதத்தில் பிறந்து, இன்குபேட்டரில் கிடந்து பிழைத்த குழந்தைகளின் வளர்ச்சியைக் கவனிக்கும் மையம் அது. செஞ்சிக்கு மாற்றலாகி அவள் வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. பிள்ளை பிழைத்துவிட்டது, இனி என்ன என்று பாதியில் நின்றுவிடும் தாய்மார்களை நினைத்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பழைய பைல் மழையில் நனைந்து வீணாகிவிட்டதாம். இருந்தது ஒரே ஓர் அட்டை. வெண்மதி. ஏழாம் மாதப் பிறப்பு, தொள்ளாயிரம் கிராம், ஐம்பத்தெட்டு நாள் ஐ.சி.யூ. ஒரு வயதில் கால்கள் இறுக்கம், உட்கார முடியவில்லை, தினமும் பயிற்சி தேவை. அதற்குப் பிறகு அட்டையில் ஒரு வரி இல்லை.

“கூலிக்குப் போனாத்தான் மேடம் வூட்ல அடுப்பெரியும். தளவானூர்ல பஸ்ஸும் நேரத்துக்கு வராது. இன்னிக்கு அமாவாசை வேற, மேல்மலையனூர் கோயில் கூட்டத்துல நசுங்கித்தான் வந்தோம்.”

“அதுக்காக? இந்த வயசு தாண்டிடுச்சுன்னா கால் அப்படியே இறுகிடும். அப்புறம் ஆபரேஷன் வரைக்கும் போகும். அன்னிக்கு எங்கிட்ட வந்து அழுது…”

ரஞ்சனி நிமிர்ந்தாள்.

குழந்தை அம்மாவின் கையை விட்டுவிட்டு, தத்தக்கா பித்தக்கா என்றுகூட இல்லாமல், நேராக ஜன்னலுக்கு நடந்துபோய்க் கோட்டை மலையைப் பார்த்துக்கொண்டு நின்றது.

“அங்க மேல யாரு இருக்கா?” என்று திரும்பிக் கேட்டது.

ரஞ்சனி எழுந்து வந்து அதன் முன்னால் மண்டி போட்டாள். “உம்பேரு என்ன கண்ணு?”

குழந்தை அம்மாவைப் பார்த்தது.

“சொல்லுடி.”

“வெண்மதி.”

பந்தை உருட்டிவிட்டாள். உதைத்தது. மரப்படியைக் காட்டினாள். பிடிக்காமல் ஏறி, இரண்டு காலையும் சேர்த்துக் குதித்தது. பென்சிலைக் கொடுத்தாள். வட்டம் போட்டது. ஒவ்வொன்றுக்கும் ஜெயசுதா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

குழந்தையின் கால்களை நீட்டி மடக்கிப் பார்த்தாள் ரஞ்சனி. இறுக்கம் துளியும் இல்லை. அன்றைக்குப் பார்த்தவர்கள் அவசரத்தில் தப்பாக எழுதிவிட்டார்களோ? பதினோரு வருட வேலையில் இப்படி ஒரு மாற்றத்தை அவள் பார்த்ததில்லை. இவளையா திட்டினோம் என்று மனசு கூசியது.

“என்னதான் செஞ்சீங்க?”

“முன்ன இருந்த மேடம் சொல்லிக் குடுத்ததுதான். எண்ணெ தேய்ச்சு நீவி வுடுவேன். கூலிக்குப் போவாத நாள்ல.” அவள் குரல் உடைந்தது. “திட்டாதீங்க மேடம். என்னால முடிஞ்சது அவ்ளோதான்.”

“உங்களை யாரு திட்டப்போறா? எத்தனை அம்மாவுக்கு இது கைகூடும்?”

“இனிமே போன் பண்ண மாட்டீங்க இல்ல? வூட்டுக்கு வந்து பாக்கறேன்னு ஊர் நர்ஸம்மாகிட்ட சொல்லி அனுப்பினீங்களே, அதுவும் வேணாம் இல்ல?”

“எதுவும் வேணாம். நிம்மதியா போங்க.”

‘வளர்ச்சி இயல்பு. தொடர் சிகிச்சை தேவையில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள் ரஞ்சனி. ஜெயசுதாவின் முகத்தில் சந்தோஷத்தைக் காணோம். திட்டு வாங்கியே பழகியவர்களுக்கு நல்ல சேதி உறைக்கக் கொஞ்சம் நேரமாகும் என்று அவளாகவே நினைத்துக்கொண்டாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, மேஜை டிராயரிலிருந்து ஒரு பிஸ்கட் பாக்கெட்டை எடுத்துக் குழந்தையிடம் நீட்டினாள். அது வாங்கிக்கொண்டு, இன்னொரு கையையும் நீட்டியது.

“வாடி, பஸ்ஸு போயிடும்,” என்று ஜெயசுதா அவசரமாக அதன் தோளைப் பிடித்து இழுத்தாள்.

“இருங்க, கேக்கட்டும். இன்னொன்னு யாருக்கு கண்ணு?”

“எங்கூடப் பொறந்துச்சே வெண்மதி, அதுக்கு. அதால நடக்க முடியாது, வூட்லயே படுத்துனு இருக்குது.”