அரக்குப் புடவை

“குத்துக்கல்லாட்டம் புருஷன் உசுரோட இருக்கறான். நீ வெள்ளைப் பொடவ கட்டிகினு ரோட்டுல போற. உனுக்கு இன்னாடி கேடு?”

கலியம்மாள் போட்ட சத்தத்தில், கிணற்றடியில் தண்ணீர் சேந்திக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் கயிற்றை நிறுத்திவிட்டார்கள். சும்மா ஒரு சண்டை கிடைத்தால் யார் விடுவார்கள்?

அமுதம் தலை குனிந்து நின்றாள். நெற்றி நிறையக் குங்குமம், கழுத்தில் தாலி. உடம்பில் மட்டும், செத்துப்போன அவள் அம்மா தாலியறுத்த பிறகு கட்டிக்கொண்டிருந்த வெள்ளைப் புடவை.

“யுத்த காலம் அண்ணி. துணி எங்க கெடைக்குது? இருக்கறதக் கட்டிக்கறேன்.”

“பொங்கலுக்கு நான் எடுத்துக் குடுத்த அரக்குப் பொடவ இன்னாச்சி? பொட்டியில வச்சி பூச பண்றியா?”

“நல்லா கேளுக்கா” என்று பக்கத்தில் நின்ற தையலம்மாள் எடுத்துக் கொடுத்தாள். “மூலக்குளத்தாண்ட இருட்டுல இவளப் பாத்து எங்க மாமன் வண்டிமாடே மெரண்டுடுச்சாம். அம்மாந் தூரத்துலியே பேயாட்டம் தெரிஞ்சாளாம்.”

பெண்கள் சிரித்தார்கள். கலியம்மாள் சிரிக்கவில்லை.

அமுதத்தின் புருஷன் மணவாளன் கலியம்மாளின் தம்பி; அவன் என்றால் அவளுக்கு உயிர். தாயில்லாப் பிள்ளையாக இடுப்பில் தூக்கி வளர்த்தவள். புதுச்சேரி மில்லில் மேஸ்திரியாக இருந்த தன் புருஷன் பலராமனைப் படாதபாடு படுத்தி, தம்பிக்கும் அங்கேயே வேலை வாங்கிக் கொடுத்தவள். அவன் தினமும் விடிவதற்கு முன்பே வில்லியனூரிலிருந்து நடப்பான். டவுனில் தயிர் விற்கிறேன் என்று அமுதமும் பானையைத் தூக்கிக்கொண்டு கூடவே கிளம்பிவிடுவாள். அவள் முன்னால், அவன் பின்னால்.

வெள்ளைப் புடவை முன்னே போக, தம்பி அதன் பின்னே போவது கலியம்மாளுக்கு அபசகுனமாகப் பட்டது. நேராகத் தம்பியிடமே போனாள்.

“நீயாவது சொல்லக் கூடாதாடா? உன் உசுருக்கு ஆவாதுடா அது.”

மணவாளன் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. “கட்டிகினு போவட்டும் வுடுக்கா. பொடவையில இன்னா இருக்குது?”

“நல்லா மயக்கி வச்சிருக்கறா உன்ன!”

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கலியம்மாள் மறுபடி வந்தாள். கொடியில் காய்ந்த வெள்ளைப் புடவையை உருவினாள், சுருட்டினாள், அக்குளில் இடுக்கிக்கொண்டாள்.

“இது இனிமே என் பொட்டியில கெடக்கும். நாளையிலேருந்து அரக்குதான். என் தம்பி நூறு வருஷம் இருக்கணும்.”

அமுதம் அவள் காலைக் கட்டிக்கொண்டாள். “வேணாம் அண்ணி, குடுத்துடுங்க. ஊரு இன்னா வேணா பேசட்டும். உங்களுக்குப் புண்ணியமாப் போவும்.”

கெஞ்சிக்கொண்டே புருஷனை நிமிர்ந்து பார்த்தாள். அவன் சொல்லாதே என்பதுபோல் தலையை அசைத்தான்.

“வுடு அமுதம். பாத்துப் போயிக்கலாம்.”

மறுநாள் விடிவதற்கு முன், மூலக்குளத்துக்கு இந்தப் பக்கம், புளியமரத்து இருட்டில் ஒரு விறகு லாரி மணவாளனை அடித்துப் போட்டது. யுத்தத்துக்காக லாரி விளக்கில் பாதிக்கு மேல் கறுப்புப் பூசியிருந்தார்கள். “கிட்ட வர்ற வரைக்கும் ஆளே தெரியலீங்க” என்று டிரைவர் குழந்தை மாதிரி அழுதான். பின்னால் சைக்கிளில் வந்த பலராமன்தான் மச்சானை மடியில் போட்டுக்கொண்டு கதறினார். பிரெஞ்சுப் போலீஸ்காரர் வந்து பார்த்துவிட்டு, நடந்தவன்தான் ஓரமாகப் போகவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஊர் வேறு தீர்ப்புச் சொன்னது. “அத்தினி நாளு வெள்ள கட்டினா இல்ல, அதான் காவு வாங்கிடுச்சி.”

கலியம்மாளும் மாரில் அடித்துக்கொண்டு அதையேதான் சொன்னாள். “ஒரு மாசம் முன்னாடியே அத்தப் புடுங்கியிருந்தா என் தம்பி பொழச்சிருப்பானே!”

அமுதம் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. அதையும் குற்றமாகவே எடுத்துக்கொண்டார்கள்.

பதினாறாம் நாள் தாலியை இறக்கினார்கள். கோடிப் புடவை போட அவளுக்குப் பிறந்த வீட்டில் யாருமில்லை. கலியம்மாள் தன் பெட்டியைத் திறந்து அதே வெள்ளைப் புடவையை எடுத்துவந்து அவள் மடியில் எறிந்தாள்.

“இந்தா. ஆசப்பட்டியே, இப்பக் கட்டிக்க. இனிமே எவளும் உன்னக் கேக்க மாட்டா.”

அமுதம் புடவையைத் தடவிப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் வாயைத் திறந்தாள்.

“அவுருக்கு மாலக்கண்ணு அண்ணி. இருட்டுல ஒண்ணும் தெரியாது. வெளக்கு எடுத்துகினு போவ மண்ணெண்ண எங்க கெடைக்குது? வெள்ளையா இருந்தா மட்டும் மசமசன்னு தெரியும்னாரு. நான் ஓரமா நடப்பேன், அத்தப் பாத்துகினு பின்னாலியே வருவாரு. லாரிக்காரனுங்களும் தூரத்துலியே பாத்து ஒதுங்கிடுவானுங்க. மேஸ்திரி அண்ணன் காதுல வுழுந்தா வேல பூடும்னு, உங்ககிட்ட கூட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு.”

கலியம்மாள் அவள் மடியில் கிடந்த புடவையைத் தொடப் போய், கையை இழுத்துக்கொண்டாள்.

“அன்னிக்கு அரக்கு முந்தானையக் கையில புடிச்சிகினுதான் வந்தாரு. பின்னாடி அண்ணன் சைக்கிள் மணி கேட்டுது. பாத்துடப் போறாருன்னு வுட்டுட்டாரு. திரும்பிப் பாக்கறேன், என் பின்னால இல்ல.”

வெள்ளைப் புடவையை மாரோடு அணைத்துக்கொண்டாள்.

“இத்தக் கட்டிகினு இனிமே நான் யாருக்கு முன்னால நடக்கறது அண்ணி?”