இருட்டுக்கு ஒரு வக்கீல்

"எங்க தெருவுல விளக்கு எரிஞ்சா, நான் என் பேரையே மாத்தி வச்சுக்கிறேன்!"

நகர்மன்றக் கூட்டத்தில், பொதுமக்கள் உட்காரும் வரிசையிலிருந்து எழுந்த அந்தக் குரலுக்கு மைக் தேவைப்படவில்லை. ரேடியோ, டிவி ரிப்பேர் பார்க்கும் அவரை ஊரே 'சவுண்டு' என்றுதான் கூப்பிடும்.

மைக்கின் முன்னால் நின்றிருந்த தையலக்கா திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே ஊசி குத்தியது.

பாவம், அப்போதுதான் தன் கோரிக்கையைச் சொல்லி முடித்திருந்தார். நர்ஸ் வேலை பார்க்கும் மருமகள், டூட்டி முடிந்து வரும்போது இருட்டில் பள்ளம் தெரியாமல் விழுந்துவிட்டாள். இப்போது கையில் மாவுக்கட்டோடு வீட்டில் கிடக்கிறாள்.

அவள் விழுவதற்கு முன்பிருந்தே, மாதம் தவறாமல் வந்து வாசலில் பெயர் கொடுத்து, முறை வரும்வரை காத்திருந்து, அக்கா இந்த விளக்கைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஒவ்வொரு தடவையும் தலைவர் சிரித்த முகத்தோடு, "பரிசீலிக்கிறோம்மா" என்பார். அடுத்த ஆளைக் கூப்பிடுவார். அதோடு சரி.

இன்றும் அவர் 'பரி' வரைக்கும் வந்துவிட்டார். அதற்குள்தான் சவுண்டு குறுக்கே புகுந்தார்.

"நீங்க யாருங்க?" என்றார் தலைவர்.

"இந்தம்மாவோட எதிர்வீட்டுக்காரன். இவங்க கேக்கிற விளக்கு நேரா என் ஜன்னலுக்குள்ளதான் அடிக்கும். நான் எதிர்க்கிறேன்."

"அவ்வளவுதானே? ரெண்டு பேர் சொன்னதையும் பரிசீலிக்கிறோம்" என்று தலைவர் இன்னும் அகலமாகச் சிரித்தார்.

செயலாளர் அவர் காதருகே குனிந்தார். "ஐயா, பரிசீலனைக்குன்னு தள்ள முடியாது. கூட்டத்துல நேர்ல எதிர்ப்பு வந்துட்டா, இன்னிக்கே விவாதிச்சு ஓட்டுக்கு விடணும். விதி அப்படி."

தலைவரின் சிரிப்பு பாதியில் நின்றது. மதியச் சாப்பாடு தள்ளிப்போகிற கவலையில் கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, சொல்லித் தொலைங்க. என்னய்யா உங்க எதிர்ப்பு?"

சவுண்டு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். "விளக்கு போட்டா பூச்சி வரும். பூச்சி வந்தா பல்லி வரும். பல்லி வந்தா என் வீட்டுக்காரி கோவிச்சுக்கிட்டு அவங்கம்மா வீட்டுக்குப் போயிடுவா. அவளைச் சமாதானம் பண்ணிக் கூட்டிட்டு வர நீங்க வருவீங்களா?"

தலைவர் அவசரமாகத் தலையை ஆட்டி மறுத்தார்.

"அப்புறம், இருட்டா இருந்தாத்தான் நட்சத்திரம் தெரியும்."

"தினமும் நட்சத்திரம் பார்ப்பீங்களோ?"

"இல்ல. என்னிக்காவது பார்க்கணும்னு தோணிச்சுன்னா?"

தையலக்கா பொங்கிவிட்டார். "கேட்டீங்களா நியாயத்தை? ஒரு பொண்ணு கை உடைஞ்சு கிடக்கா. இவருக்குப் பல்லிக் கவலை!"

"பார்த்து நடக்கணும்மா. எங்க தெருப் பள்ளமெல்லாம் எனக்கு மனப்பாடம். கண்ணை மூடிக்கிட்டே நடப்பேன்."

"அப்படியே வாயையும் மூடிக்கிட்டு நடங்க!"

மன்றமே சிரிப்பில் குலுங்கியது. பேனாவை மூடிவைத்துவிட்டுக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த பத்திரிகை நிருபர், நிமிர்ந்து உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார்.

அந்த வார்டுக் கவுன்சிலர் அம்மாவால் பொறுக்க முடியவில்லை. "ஐயா, கொஞ்சமாவது மனசாட்சியோட பேசுங்க."

சவுண்டு அவர் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். "உங்களை நம்பித்தாம்மா நான் தைரியமா எதிர்க்கவே வந்தேன். பக்கத்து வார்டுல கேட்ட உடனே விளக்கு போட்டுட்டாங்க. உங்களுக்கு அந்தத் துப்பெல்லாம் கிடையாதுன்னு எங்க தெருவுக்கே தெரியும். நீங்க இருக்கிற வரைக்கும் நான் நிம்மதியாத் தூங்குவேன்."

அவ்வளவுதான். கவுன்சிலர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"யாருக்குத் துப்பில்லை? தலைவரே, ஓட்டுக்கு விடுங்க! ஒரு விளக்கு என்ன ஒரு விளக்கு, தெரு முழுக்கப் போடுறோம்!"

"ஐயையோ, தெரு முழுக்கவா?" சவுண்டு தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

கைகள் மளமளவென்று உயர்ந்தன. தலைவர் சுற்றிலும் பார்த்தார். தான் மட்டும் இருட்டின் பக்கம் நிற்பானேன் என்று தன் கையையும் தூக்கிவைத்தார். மாதம் முடிவதற்குள் விளக்கு எரிந்தாக வேண்டும் என்று தீர்மானம் நிறைவேறியது. நிருபர் கேமராவைத் தூக்க, கவுன்சிலர் தையலக்காவின் தோளில் கை போட்டுக்கொண்டு பல் தெரியச் சிரித்தார்.

வராந்தாவுக்கு வந்த பிறகும் சண்டை ஓயவில்லை.

"விடமாட்டேன்! கோர்ட்டுக்குப் போவேன்!" என்றார் சவுண்டு.

"தாராளமாப் போங்க! இனிமே வழியெல்லாம் வெளிச்சமா இருக்கும்!" என்றார் தையலக்கா.

கைகலப்பாகிவிடுமோ என்று காவலாளிக்குப் பயம் வந்துவிட்டது. அக்காவை முன்வாசல் வழியாகவும், சவுண்டைப் பின்வாசல் வழியாகவும் தள்ளாத குறையாக அனுப்பிவைத்தார்.

எந்த வாசலில் வெளியேறினாலும் ஒரே பஸ் ஸ்டாப்புக்குத்தான் வந்தாக வேண்டும். அங்கே வேறு யாரும் இல்லை. மூச்சு வாங்க வந்து சேர்ந்த சவுண்டு, அக்கா உட்கார்ந்திருந்த பெஞ்சின் மறு ஓரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார்.

தையலக்கா மன்றத்து வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்தார். தெரிந்த முகம் எதுவும் வரவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"அண்ணே, அடுத்த மாசம் சாக்கடையை நீங்க கேளுங்க, நான் எதிர்க்கிறேன்."